எலும்பு, மஜ்ஜை, ரத்தக்குழாய் ஸ்லைடுகள்: புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திசுவியல் படிக்கத் தொடங்குபவர்கள் பலரும் முதலில் தடுமாறும் இடம் எலும்பு. அதுவரை பார்த்த ஸ்லைடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே முறையில் வெட்டி, ஒரே சாயம் போட்டவை. ஊதாவாக இருப்பது உட்கரு, ரோஸாக இருப்பது மற்றவை என்று ஓட்டிவிடலாம். எலும்புக்கு வந்ததும் அந்தக் கணக்கு பலிக்காது. ஒரு ஸ்லைடு சாயமே இல்லாமல் மங்கிய மஞ்சளில் கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும். அடுத்தது முழுக்க ரோஸாக இருக்கும். இரண்டின் சீட்டிலும் 'எலும்பு' என்றுதான் எழுதியிருக்கும். மஜ்ஜைக்குப் போனால் ஒரே செல் ஒரு ஸ்லைடில் பெரிதாகவும் இன்னொன்றில் சுருங்கியும் தெரியும். ரத்தக்குழாய்க்கு வந்தால் திடீரென்று கறுப்புக் கோடுகள் முளைத்திருக்கும்.

இந்த மூன்று பாடத்திலும் நான் நிறையத் திணறியிருக்கிறேன். பாடநூலில் வரும் படம் ஆயிரம் இடங்களில் ஒரு நல்ல இடத்தைத் தேர்ந்து எடுத்தது. நம் கையில் இருக்கும் ஸ்லைடு அப்படி இருக்காது. எதை முதலில் பார்ப்பது, எங்கே ஏமாறுவோம், எதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று வரிசையாகச் சொன்னால் பாதிச் சிரமம் குறையும். அதற்காகத்தான் இது.

1. ஸ்லைடு எப்படித் தயாரானது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

செல்லைத் தேடுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். இந்தப் பாடத்தில் நீங்கள் பார்க்கப்போவது நான்கே வகைதான்.

அரைத்துச் செய்த எலும்பு: உலர்ந்த எலும்பை மெல்லிதாக அறுத்து, ஒளி ஊடுருவும் வரை தேய்த்தது. சாயம் கிடையாது. செல்லும் கிடையாது, காலி அறைகள்தான்.

கால்சியம் நீக்கிய எலும்பு: அமிலத்திலோ, கால்சியத்தைப் பற்றி இழுக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசலிலோ ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டு, மற்றத் திசுக்களைப் போல மெழுகில் பதித்து வெட்டியது. ஹீமாடாக்சிலின் (ஊதா), இயோசின் (ரோஸ்) சாயம். செல்கள் உண்டு, மஜ்ஜையும் உண்டு.

பூச்சு: ரத்தத்தையோ மஜ்ஜை நீரையோ கண்ணாடியில் இழுத்துக் காயவைத்தது. லீஷ்மன், ரைட், கீம்சா போன்ற சாயங்கள். செல்கள் தட்டையாகப் படிந்திருக்கும். திசு அமைப்பு இருக்காது.

மெல்லிய வெட்டில் சிறப்புச் சாயம்: ரத்தக்குழாய்களுக்குப் பெரும்பாலும் வெர்ஹோஃப்–வான் கீசன். எலாஸ்டின் (மீள்நார்ப் புரதம்) கறுப்பு, கொலாஜன் (உறுதி தரும் நார்ப் புரதம்) சிவப்பு, தசை மஞ்சள்.

இந்த நான்கில் எது என்று தெரிந்துவிட்டால், எதைத் தேடலாம், எதைத் தேடக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். அரைத்த எலும்பில் ஆஸ்டியோபிளாஸ்ட்டை (எலும்பை உண்டாக்கும் செல்) தேடுவதும், கால்சியம் நீக்கிய எலும்பில் கனாலிகுலை (மயிரிழை போன்ற நுண்குழாய்கள்) வலையைத் தேடுவதும் வீண்வேலை. அங்கே அவை தெரியாது.

2. கையில் இருக்க வேண்டியவை

ஊதா, ரோஸ், கறுப்பு என்று மூன்று பென்சில்கள், கோடு போடாத தாள், லென்ஸ் துடைக்கும் காகிதம், 100 எக்ஸ் (100 மடங்கு பெரிதாக்கும்) லென்ஸுக்கான எண்ணெய். ஸ்லைடு பெட்டியோடு வரும் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த உறுப்பு, எந்தச் சாயம், குறுக்குவெட்டா நெடுவெட்டா என்பது அதில்தான் இருக்கும். அது இல்லாமல் உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரம் ஊகத்திலேயே போய்விடும்.

அளவு தெரிய ஒரு எளிய வழி உண்டு. சிவப்பணுவின் விட்டம் பூச்சில் சுமார் 7.5 மைக்ரான், மெழுகு வெட்டில் கொஞ்சம் சுருங்கியிருக்கும். ஏறக்குறைய எல்லாத் திசுவிலும் எங்காவது ஒரு சிவப்பணு இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்து மற்றச் செல்களை அளந்துகொள்ளுங்கள்.

3. அரைத்த எலும்பு: 4 எக்ஸில் தொடங்குங்கள்

எடுத்த எடுப்பில் 40 எக்ஸுக்குப் போகாதீர்கள். 4 எக்ஸில் வட்ட வட்டமான அமைப்புகள் தெரியும். அவைதான் ஆஸ்டியான்கள். ஒன்றின் விட்டம் பொதுவாக 100 முதல் 250 மைக்ரான் வரை. நடுவில் ரத்தக்குழாய் ஓடும் ஹேவர்சியன் கால்வாய், அதைச் சுற்றி அடுக்கடுக்கான லமெல்லாக்கள் (எலும்புத் தகடுகள்). ஒவ்வொரு லமெல்லாவும் 3 முதல் 7 மைக்ரான் தடிமன்.

இப்போது 10 எக்ஸ். கண்டென்ஸரின் (ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் பகுதி) துளையைக் கொஞ்சம் மூடுங்கள். சாயம் இல்லாத ஸ்லைடில் ஒளி அதிகமானால் எல்லாம் வெளுத்துப்போகும். துளையை மூடினால் லமெல்லாக் கோடுகள் எழுந்து வரும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் 'எனக்கு லமெல்லா தெரியவில்லை' என்று சொல்பவர்கள் ஏராளம்.

40 எக்ஸில் ஒரு லகூனாவை (செல் இருந்த காலி அறை) மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். கறுப்பான, நீள்வட்டமான ஒரு புள்ளி. அதன் விளிம்பிலிருந்து மயிரிழை போல நூல்கள் நாலாபுறமும் கிளம்பும். ஃபோகஸை மெதுவாக ஏற்றி இறக்கினால், ஒரு நூல் மறையும்போது இன்னொன்று தோன்றும். சில நூல்கள் அடுத்த லகூனாவின் நூலோடு போய்ச் சேரும். அவைதான் கனாலிகுலை. உயிரோடு இருந்தபோது அந்த நூலுக்குள் ஆஸ்டியோசைட்டின் (லகூனாவுக்குள் வாழும் எலும்புச் செல்) கை நீண்டிருந்தது. இரும்பு போல இறுகிய பொருளுக்குள் உணவு போய்ச் சேருவது இந்த வழியில்தான்.

கறுப்பு நிறத்தைச் சாயம் என்று நினைக்காதீர்கள். குழிக்குள் அடைபட்ட காற்றுதான் கறுப்பாகத் தெரிகிறது. ஸ்லைடை ஒட்டும் பசை நீர்த்து உள்ளே போய்விட்டால் அந்த இடத்தில் கனாலிகுலை மறைந்துவிடும். ஒரே ஸ்லைடில் ஒரு பக்கம் அருமையாகவும் இன்னொரு பக்கம் வெறுமையாகவும் இருந்தால் காரணம் இதுதான். நல்ல பக்கத்துக்கு நகர்ந்துவிடுங்கள்.

ஹேவர்சியன் கால்வாயிலிருந்து வோல்க்மன் கால்வாயை எப்படிப் பிரித்தறிவது? அது ஆஸ்டியான்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அதைச் சுற்றி வட்ட லமெல்லாக்கள் இருக்காது. ஆஸ்டியான்களுக்கு இடையில் கிடக்கும் முழுமையில்லாத துண்டுகள் இடைநிலை லமெல்லாக்கள், அதாவது பழைய ஆஸ்டியான்களின் மிச்சம். ஆஸ்டியானின் வெளி எல்லையில் பளிச்சென்று ஓடும் கோடு சிமெண்ட் கோடு. பெரும்பாலான கனாலிகுலை அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. அதையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள், மறக்காது.

4. கால்சியம் நீக்கிய எலும்பு: இங்கேதான் பொறுமை வேண்டும்

நீங்களே திசுவைத் தயாரிக்கப்போகிறீர்கள் என்றால் நேரக்கணக்கு முக்கியம். முதலில் ஃபார்மலினில் நன்றாகப் பதப்படுத்த வேண்டும்; எலும்புக்கு 24 முதல் 48 மணி நேரமாவது கொடுங்கள். பதப்படாத திசுவை அமிலத்தில் போட்டால் செல்கள் சிதைந்துவிடும். துண்டு 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. அப்புறம் மூன்று வழிகள்:

நைட்ரிக் அமிலம் (5 முதல் 10 சதவீதம்) வேகமானது. சிறு துண்டுக்கு ஓரிரு நாள் போதும். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் உட்கருச் சாயம் போய்விடும்.

ஃபார்மிக் அமிலம் நடுத்தரம். துண்டின் அளவைப் பொறுத்துச் சில நாள் முதல் ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஈ.டி.டி.ஏ. மென்மையானது, வாரக்கணக்கில் எடுக்கும். நொதிகளைக் காட்டும் சாயங்களோ மரபணுச் சோதனையோ பிறகு செய்ய வேண்டியிருந்தால் இதுதான் ஏற்றது. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இதில் இறங்காதீர்கள்.

கரைசல் திசுவின் அளவைப்போல் 20 மடங்காவது இருக்கட்டும். துண்டு அடியில் படியாமல் நூலில் தொங்கட்டும். கரைசலைத் தினமும் மாற்றுங்கள். முடிந்ததா என்று பார்க்க ஊசியால் குத்துவது பலருக்குப் பழக்கம். அது திசுவைக் கிழிக்கும், குத்திய துளை பின்னால் வெட்டிலும் தெரியும். அமிலக் கரைசல் என்றால் ஒரு எளிய சோதனை உண்டு: பயன்படுத்திய கரைசலில் கொஞ்சம் எடுத்து, அம்மோனியாவால் நடுநிலையாக்கி, அம்மோனியம் ஆக்சலேட் சேர்த்து அரைமணி நேரம் வையுங்கள். கலங்கினால் கால்சியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. தெளிவாகவே இருந்தால் முடிந்தது. எக்ஸ்ரே எடுக்க வசதி இருந்தால் அதுவே நம்பகமானது.

அமிலம் அதிகமான திசுவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. உட்கரு ஊதா ஏற்காமல் முழு ஸ்லைடும் ஒரே ரோஸாகிவிடும். ஹீமாடாக்சிலின் நேரத்தை நீட்டி, அமில ஆல்கஹாலில் முக்குவதைக் குறைத்தால் ஓரளவு தேறும், அவ்வளவுதான்.

சரி, ஸ்லைடு கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்னென்ன பார்ப்பது?

ஆஸ்டியோபிளாஸ்ட்: எலும்பின் விளிம்பில் ஒற்றை வரிசையாக நிற்கும் கனசதுரச் செல்கள். சைட்டோபிளாசம் நீலம் கலந்து இருக்கும். உட்கரு பெரும்பாலும் எலும்பிலிருந்து விலகிய ஓரத்தில் இருக்கும். வேலை இல்லாத காலத்தில் இதே செல்கள் தட்டையாகிவிடும், அப்போது கண்டுபிடிப்பது கடினம். வளரும் எலும்பின் ஸ்லைடில் தேடுங்கள்.

ஆஸ்டியோசைட்: லகூனாவுக்குள் ஒரு சின்ன உட்கரு. சுற்றிலும் தெரியும் வெள்ளை இடைவெளி, செல் சுருங்கியதால் வந்தது. எல்லா லகூனாவிலும் உட்கரு தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெட்டு உட்கருவைத் தொடாமலும் போயிருக்கலாம்.

ஆஸ்டியோகிளாஸ்ட் (எலும்பை அரிக்கும் செல்): எலும்பின் ஓரத்தில் ஒரு குழி, அதில் ஒட்டிக்கொண்டு ஒரு பெரிய ரோஸ் நிறச் செல், அதற்குள் தனித்தனியாகப் பல உட்கருக்கள். குழியின் பெயர் ஹவ்ஷிப் லகூனா. இது மோனோசைட் (ஒரு வகை வெள்ளையணு) வம்சத்தில் பிறந்த செல். ஆஸ்டியோபிளாஸ்ட்டுக்கும் இதற்கும் பெயரில்தான் உறவு, பிறப்பில் இல்லை.

இங்கே பலரும் ஏமாறும் இடம்: ஆஸ்டியோகிளாஸ்ட்டும் மெகாகேரியோசைட்டும் (தட்டணுக்களை உண்டாக்கும் மஜ்ஜைச் செல்). இரண்டும் பெரியவை, இரண்டும் ரோஸ், இரண்டும் ஒரே ஸ்லைடில் அருகருகே இருக்கும். பிரிக்கும் முறை இது. ஃபோகஸை ஏற்றி இறக்கி உட்கருவைப் பாருங்கள். மடல் மடலாகப் பிரிந்திருந்தாலும் ஒன்றோடொன்று தொடர்புள்ள ஒரே உட்கரு என்றால் மெகாகேரியோசைட். ஒவ்வொன்றும் தனி வட்டமாக, இடையில் சைட்டோபிளாசத்தோடு இருந்தால் ஆஸ்டியோகிளாஸ்ட். பிறகு இடத்தைப் பாருங்கள். எலும்பின் மேல் ஒட்டியிருப்பது ஆஸ்டியோகிளாஸ்ட். மஜ்ஜைக்குள், சைனுசாய்டு (மெல்லிய சுவருள்ள அகலமான ரத்தக்குழாய்) அருகே இருப்பது மெகாகேரியோசைட். இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுதுங்கள்.

5. வளர்ச்சித் தட்டு

நீள எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்பு அடுக்கு இது. இதில் திசையைப் பிடித்துவிட்டால் போதும். குருத்தெலும்பு முனையிலிருந்து நடுத்தண்டை நோக்கிப் போங்கள்: ஓய்வுப் பகுதி, பெருகும் பகுதி (செல்கள் தூண் தூணாக அடுக்கியிருக்கும்), பெருத்த செல்களின் பகுதி, கால்சியம் படியும் பகுதி, கடைசியில் எலும்பாகும் பகுதி. பட்டியலைத் தலைகீழாக எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு. அதனால் படத்தில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

எலும்பாகும் பகுதியில் ஒரு முள்ளை (முள் போல நீண்டிருக்கும் எலும்புத் துண்டு) 40 எக்ஸில் பாருங்கள். நடுவில் நீலம், வெளியில் ரோஸ். நீலம் என்பது மிச்சமிருக்கும் குருத்தெலும்பு, ரோஸ் அதன் மேல் புதிதாகப் படிந்த எலும்பு. அந்த இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரிந்தால் அது குருத்தெலும்பு வழி வந்த எலும்பு. நீல நடுப்பகுதி இல்லாமல் ரோஸ் முட்கள் மட்டும் இருந்தால் சவ்வு வழி வந்தது. மண்டையோட்டின் தட்டை எலும்புகளில் இதைப் பார்க்கலாம்.

6. மஜ்ஜை: வெட்டையும் பூச்சையும் கலக்காதீர்கள்

மெழுகு வெட்டில் மஜ்ஜையின் அமைப்பு தெரியும். தனிச் செல்லின் வயது தெரியாது. பூச்சில் செல்லின் வயது தெரியும், அமைப்பு தெரியாது. இரண்டிலும் இரண்டையும் கேட்பதால்தான் குழப்பம். பூச்சில் செல் தட்டையாகப் பரவுவதால் பெரிதாகத் தெரியும், வெட்டில் சுருங்கியிருக்கும். ஒன்றின் அளவை மற்றதற்குப் பொருத்தாதீர்கள்.

வெட்டில் வெள்ளை வட்டங்கள் நிறைய இருந்தால் பயப்பட வேண்டாம். அவை கொழுப்புச் செல்கள். தயாரிப்பில் கொழுப்பு கரைந்துபோனதால் காலியாகத் தெரிகின்றன. வயது ஏற ஏறக் கொழுப்பின் பங்கு கூடும். 100-இலிருந்து வயதைக் கழித்தால் ரத்தம் உண்டாக்கும் செல்களின் சதவீதம் தோராயமாக வரும் என்று ஒரு பழைய கைக்கணக்கு இருக்கிறது. நடுவயதுக்காரர்களுக்கு ஓரளவு பொருந்தும்.

வெட்டில் இடத்தை வைத்தே பாதி அடையாளம் கண்டுவிடலாம். வெள்ளையணு வரிசையின் இளம் செல்கள் எலும்பு முள்ளின் ஓரத்தை ஒட்டி இருக்கும். முதிர முதிர நடுவை நோக்கி வரும். சிவப்பணு வரிசைச் செல்கள், கறுத்த வட்ட உட்கருக்களோடு, தீவு தீவாகக் கூடியிருக்கும். தீவின் நடுவில் ஒரு மேக்ரோஃபேஜ் (கழிவுகளை விழுங்கும் செல்). மெகாகேரியோசைட் சைனுசாய்டு பக்கத்தில்.

பூச்சுக்குச் சாயம் போடும்போது நேரம் தவறாதீர்கள். லீஷ்மன் என்றால், பூச்சு முழுவதும் மூடும்படி ஊற்றி 2 நிமிடம் விடுங்கள். அதிலுள்ள மெத்தனால் செல்களைப் பதப்படுத்தும். பிறகு அதன் இரு மடங்கு பஃபர் நீர் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசல்) சேர்த்து 7 முதல் 10 நிமிடம். மஜ்ஜைப் பூச்சு செல் நிறைந்தது. அதற்கு இன்னும் கூடுதலாக வேண்டும். பஃபரின் பி.எச். 6.8 இருக்கட்டும். எல்லாம் நீலமாக, சிவப்பணு கூடச் சாம்பல் நீலமாக வந்தால் நீர் காரத்தன்மை அதிகம். எல்லாம் சிவந்து உட்கரு வெளிறினால் அமிலத்தன்மை அதிகம். கழுவும்போது சாயத்தை முதலில் சாய்த்து ஊற்றாமல் நீரால் மிதக்கவிட்டு அகற்றுங்கள்; இல்லையென்றால் மேலே மிதக்கும் பொடி பூச்சின் மேல் படிந்து தட்டணு போலவே கண்ணை ஏமாற்றும்.

எங்கே பார்ப்பது என்பதும் முக்கியம். ரத்தப் பூச்சின் வால் நுனியில் செல்கள் சிதைந்திருக்கும். தலைப் பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கும். வாலுக்குச் சற்று முன்னால், சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் பரவிய இடம்தான் சரியான இடம்.

7. செல் வரிசை: மூன்று கேள்விகள் மட்டும்

மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். ஒவ்வொரு செல்லிடமும் மூன்று கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். உட்கருவின் குரோமாட்டின் (அதற்குள் இருக்கும் டி.என்.ஏ. பொருள்) மெல்லிய வலையா, கட்டி கட்டியா? சைட்டோபிளாசம் என்ன நிறம்? துகள்கள் உண்டா, உண்டென்றால் எந்த நிறம்?

சிவப்பணு வரிசையில் செல் சிறுத்துக்கொண்டே போகும், குரோமாட்டின் இறுகும், சைட்டோபிளாசம் கருநீலத்திலிருந்து சாம்பலாகி ரோஸாகும். நீலம் என்பது ரைபோசோம் (புரதம் செய்யும் நுண்துகள்), ரோஸ் என்பது ஹீமோகுளோபின். இடையில் இரண்டும் கலந்தால் சாம்பல். அதனால் புரோஎரித்ரோபிளாஸ்ட் ஆழ்ந்த நீலம், அடுத்தது பேசோஃபிலிக், சாம்பலாக இருப்பது பாலிகுரோமாட்டோஃபிலிக், இறுகிய கறுத்த உட்கருவும் ரோஸ் சைட்டோபிளாசமும் இருந்தால் ஆர்த்தோகுரோமாட்டிக். அப்புறம் உட்கரு வெளியே தள்ளப்படும். மிஞ்சுவது ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு), சாதாரண லீஷ்மனில் இதைத் தனியாகப் பிரிக்க முடியாது, நியூ மெத்திலீன் ப்ளூ போன்ற சாயம் வேண்டும். இந்தப் பயணம் முழுவதும் ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். வெளியே வந்த சிவப்பணு சுமார் 120 நாள் ஓடும்.

வெள்ளையணுவின் துகள் வரிசையில் வேறு கதை. மையலோபிளாஸ்ட்டில் துகள் இல்லை, அல்லது இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. புரோமையலோசைட்டில் ஊதா கலந்த சிவப்புத் துகள்கள் நிறைய வரும். செல் அதன் தாயை விடப் பெரிதாகவே இருக்கலாம். மையலோசைட்டில் சிறப்புத் துகள்கள் தோன்றும்; பிரியக்கூடிய கடைசிச் செல் இதுதான். உட்கரு அவரைவிதை போல உள்வாங்கினால் மெட்டாமையலோசைட், வளைந்த பட்டையானால் பேண்ட், முடிச்சு முடிச்சாகப் பிரிந்தால் முதிர்ந்த நியூட்ரோஃபில். இந்த வரிசை முடிய 10 முதல் 14 நாள். ரத்தத்தில் நியூட்ரோஃபில் தங்குவதோ சில மணி நேரம்தான். மஜ்ஜையில் வெள்ளையணு வரிசை சிவப்பணு வரிசையைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு இருப்பதற்கு இந்த வேக வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம். 2 முதல் 4 மடங்கு வரை இயல்பு.

அடிக்கடி மாறிப்போகும் ஜோடிகள் சில. ஆர்த்தோகுரோமாட்டிக் செல்லும் சிறிய லிம்ஃபோசைட்டும்: முதலாவதில் உட்கரு கறுப்பு மை போல இறுகி, சுற்றிலும் ரோஸ், இரண்டாவதில் மெல்லிய வானீல விளிம்பு. பிளாஸ்மா செல்லும் (எதிர்ப்புரதம் செய்யும் செல்) ஆஸ்டியோபிளாஸ்ட்டும்: மஜ்ஜைப் பூச்சில் ஆஸ்டியோபிளாஸ்ட் எப்போதாவது வரும், இரண்டுக்கும் உட்கரு ஓரத்தில், சைட்டோபிளாசம் நீலம். வெளிறிய கோல்ஜி இடம் உட்கருவை ஒட்டியிருந்தால் பிளாஸ்மா செல், உட்கருவிலிருந்து விலகியிருந்தால் ஆஸ்டியோபிளாஸ்ட்.

இன்னொன்று: 'ஈரல்' என்று எழுதிய ஸ்லைடில் மெகாகேரியோசைட்டும் கறுத்த உட்கருக் கூட்டங்களும் தெரிந்தால் கண்ணைச் சந்தேகிக்காதீர்கள். அது பெரும்பாலும் கருவின் ஈரல். ரத்தம் உண்டாவது கருவின் 3-வது வாரத்தில் யோக் சாக்கில் (கருவோடு ஒட்டிய மஞ்சள்கருப் பை) தொடங்கி, ஈரலுக்கு மாறி, பிறப்பதற்குள் மஜ்ஜைக்கு வந்துசேரும்.

8. ரத்தக்குழாய்: உட்சுவரிலிருந்து வெளியே வாருங்கள்

முதலில் உள்ளடுக்கு, பிறகு நடுவடுக்கு, பிறகு வெளியடுக்கு. எப்போதும் இந்தத் திசையில். வெளியிலிருந்து தொடங்கினால் வெளியடுக்கு எங்கே முடிகிறது, பக்கத்துத் திசு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

கேட்க வேண்டியது ஒன்று: எந்த அடுக்கு தடித்தது? நடுவடுக்கு தடித்தால் தமனி. வெளியடுக்கு தடித்தால் பெரும்பாலும் பெரிய சிரை.

தமனி என்று முடிவானால், நடுவடுக்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெருந்தமனியில் எலாஸ்டின் தகடுகள் அடுக்கடுக்காக, மனிதரில் 40 முதல் 70 வரை இருக்கும். வெர்ஹோஃப் சாயத்தில் கறுப்பு அலைக்கோடுகளாகத் தெரியும். தசைத் தமனியில் நடுவடுக்கு முழுக்கத் தசை. உள்ளே ஒரே ஒரு தெளிவான எலாஸ்டின் கோடு நெளிந்து ஓடும். அந்த நெளிவு, குழாய் சுருங்கியதால் வந்தது. நுண்தமனியில் தசை ஒன்றிரண்டு அடுக்குதான். சுவரின் தடிமனும் உள்வெளியின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்.

சிரையைத் தனியாகத் தேடாதீர்கள். தமனிக்குப் பக்கத்தில் தேடுங்கள். துணையாக ஓடும் சிரையின் வாய் பெரிதாக, சுவர் மெல்லியதாக, பெரும்பாலும் நசுங்கி இருக்கும். இரண்டையும் ஒரே பார்வையில் வைத்து ஒப்பிட்டால் சந்தேகமே வராது. ஆனால் காலின் பெரிய சிரைகளில் நடுவடுக்கு தடித்திருக்கும், அங்கே அளவை மட்டும் நம்பாதீர்கள். தொடர்ச்சியான உள் எலாஸ்டின் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ரத்தம் இருப்பதும் இல்லாததும் எதையும் நிரூபிக்காது. நிணநீர்க் குழாயில் மட்டும் இது கொஞ்சம் உதவும்: மிக மெல்லிய சுவர், உள்ளே வெளிறிய ரோஸ் படிவு, சிவப்பணு இல்லை.

தந்துகிகளிலும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. தொடர்ச்சியானது, சாளரமுள்ளது (சுவரில் நுண்துளைகள் உள்ளது) என்ற பிரிவு பாடநூலில் அழகாக இருக்கும். ஒளி நுண்ணோக்கியில் தெரியாது. சாளரம் என்பது 60 முதல் 80 நானோமீட்டர் அளவு. எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். 'சாளரங்கள் தெரிகின்றன' என்று ஒளி நுண்ணோக்கிப் படத்தின் கீழ் எழுதாதீர்கள். எந்த உறுப்பு என்பதை வைத்துச் சொல்லலாம்: தசை என்றால் தொடர்ச்சியானது, சிறுநீரகக் குளோமெருலஸ் (ரத்தத்தை வடிகட்டும் தந்துகிக் கொத்து) என்றால் சாளரமுள்ளது. சைனுசாய்டு மட்டும் அகலமாக இருப்பதால் கண்ணுக்கே தெரியும். ஈரலிலும் மண்ணீரலிலும் மஜ்ஜையிலும் பாருங்கள்.

வெர்ஹோஃப் சாயத்தை நீங்களே போடுகிறீர்கள் என்றால், கரைசலை அன்றே கலக்குங்கள். பழையது சரியாகப் பிடிக்காது. ஃபெரிக் குளோரைடில் நிறம் குறைக்கும்போது நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து நிறுத்துங்கள். ஒரு நிமிடம் கூடினால் மெல்லிய எலாஸ்டின் நார்கள் மறைந்துவிடும். குறைவாகப் போனால் திருத்தலாம், அதிகமாகப் போனால் மறுபடி சாயத்திலிருந்து தொடங்க வேண்டும்.

9. மூன்றையும் ஒரே ஸ்லைடில் பாருங்கள்

மூன்று பாடமாகப் பிரித்துப் படித்தாலும், நல்ல மஜ்ஜையோடு கூடிய கால்சியம் நீக்கிய எலும்பு ஒன்று கிடைத்தால் இவை மூன்றும் அதிலேயே இருக்கின்றன. அதை மட்டும் ஒரு மணி நேரம் எடுத்து உட்காருங்கள். ஹேவர்சியன் கால்வாயில் ஒரு மெல்லிய குழாயைப் பிடியுங்கள். அதில் தசையடுக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். மஜ்ஜைக்குள் வந்து, தசையடுக்கோடு ஒரு நுண்தமனி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு சைனுசாய்டைத் தேடி, அதன் ஓரத்திலேயே போய் ஒரு மெகாகேரியோசைட்டைக் கண்டுபிடியுங்கள். முதிர்ந்த செல்கள் அந்த மெல்லிய சுவரின் எண்டோதீலியல் (குழாயின் உட்பக்கத்தை மூடும்) செல்லையே ஊடுருவித்தான் ரத்தத்துக்குள் போகின்றன. தட்டணுக்களும் மெகாகேரியோசைட் அந்தச் சுவர் வழியே நீட்டும் கைகளிலிருந்துதான் உதிர்கின்றன. அந்தச் சுவர் ஏன் அவ்வளவு மெல்லியது, அந்தப் பெரிய செல் ஏன் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போது தானாகப் புரியும். எனக்குப் பாடம் பிடித்துப்போனது இந்த ஸ்லைடில்தான்.

10. நேரமும் பதிவேடும்

ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். அரைத்த எலும்புக்கு அரைமணி நேரம் போதும். கால்சியம் நீக்கிய எலும்புக்கும் வளர்ச்சித் தட்டுக்கும் சேர்த்து இரண்டு மணி. மஜ்ஜைப் பூச்சுக்குத் தனியாக இரண்டு அமர்வு ஒதுக்குங்கள். முதல் அமர்வில் சிவப்பணு வரிசை மட்டும், இரண்டாவதில் துகள் வரிசை மட்டும். ரத்தக்குழாய்கள் ஒன்றரை மணி நேரத்தில் முடியும்.

வரையும்போது ஸ்லைடில் தெரிவதை மட்டும் வரையுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் நான்கு விவரம் எழுதுங்கள்: உறுப்பு, தயாரித்த முறை, சாயம், பார்த்த லென்ஸ். அதற்கடுத்த வரியில், இதை அடையாளம் காணக் காரணமான இரண்டு அம்சங்கள். தேர்வில் கேட்பது பெரும்பாலும் இந்த வரியைத்தான். 'வட்டமாக இருக்கிறது', 'ரோஸாக இருக்கிறது' போன்றவை காரணமாகாது. 'எலும்பு ஓரக் குழியில் ஒட்டியிருக்கிறது, தனித்தனி உட்கருக்கள் பல' என்பது காரணம். பதிவேட்டைப் பார்த்த அன்றே முடித்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து வரைந்தால் கை தானாகப் பாடநூல் படத்தையே வரையும்.

எண்ணெய் லென்ஸைப் பயன்படுத்திய பிறகு 40 எக்ஸுக்குத் திரும்பாதீர்கள். அந்த லென்ஸில் எண்ணெய் ஒட்டி அடுத்தவருக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும். லென்ஸை உடனே துடையுங்கள், ஸ்லைடை லென்ஸ் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். பூச்சின் மேல் கண்ணாடி மூடி இல்லையென்றால் தேய்க்கவே கூடாது, செல்கள் கையோடு வந்துவிடும்.